கண்ணாத்தாளின் நாற்பத்தொன்பதாம் மாதம்

அம்சம் முழுகாமல் இருக்கிறாள் என்பதை அவள் புருஷன் தங்கையன் நம்பினான். எது சமைத்தாலும் கொல்லைப்புறம் ஓடுகிறாளே என்று பக்கத்து வீட்டார் நம்பினார்கள். கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் காதர் மைதீன், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எலுமிச்சை மிட்டாய் டப்பாவைத் திறந்தார். அரசாங்கம் மட்டும் நம்ப மறுத்தது.

அம்சத்துக்கு இருபத்தாறு வயது. வயிற்றிலிருப்பது தலைச்சன் பிள்ளை. அவள் அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். போனில் கேட்டால், "நேரம் வந்தா எல்லாம் தானா தெரியும்டி," என்பாள். தானாகத் தெரியும் என்று நம்பி ஒரு காரியத்தில் இறங்குகிற சுபாவம் அம்சத்துக்குக் கிடையாது. தையல் மிஷினைக்கூட ஆறு மாதம் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட பிறகுதான் தொட்டாள். ஆகவே பிள்ளை பெறுவதற்கும் வகுப்பு உண்டா என்று விசாரித்தாள். இரண்டு இருந்தன.

ஒன்று, ஓடைக்கால்குடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் நடப்பது. அதன் பலகையில் முன்பு 'இலவசப் பிரசவப் பயிற்சி' என்று இருந்தது. ஆட்சி மாறியதும், இலவசம் என்ற சொல் மக்களின் தன்மானத்தைக் குறைக்கிறது என்று கண்டுபிடித்து, 'விலையில்லாப் பிரசவப் பயிற்சி' என்று மாற்றி எழுதினார்கள். வேறு எதையும் மாற்றவில்லை. கூரை முன்பு ஒழுகிய அதே இடத்தில்தான் ஒழுகியது. மற்றொன்று, மன்னார்குடியில் பொன்மடி மகப்பேறு மருத்துவமனை நடத்தும் கட்டண வகுப்பு. 'பயமில்லாப் பிரசவம், ஆறே வாரத்தில்' என்று டவுன் பஸ்ஸின் பின்பக்கம் விளம்பரம் போட்டிருந்தார்கள். பத்து மாத வேலையை ஆறு வாரத்தில் எப்படி முடிப்பார்கள் என்று அம்சம் முதலில் குழம்பிப் போனாள்.

"சர்க்காரு சும்மா சொல்லித் தருது. அங்கயே போ," என்றான் தங்கையன். சொன்னவன் உள்ளே வரவில்லை. சுகாதார நிலையத்து வெளிக்கேட்டுக்கு எதிரே டீக்கடையிலேயே நின்றுகொண்டான்.

அவனுக்கு இவள் இரண்டாம் தாரம். பெண் பார்க்க வந்தபோதே, "மொத சம்சாரம் தவறிட்டா. கண்ணாத்தாள்னு பேரு. எட்டு மாசத்துல போயிட்டா," என்று சொல்லிவிட்டான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுகாதார நிலையத்துக்குப் போகிற வாய்க்கால் கரையில் அவளுக்காக ஒரு சுமைதாங்கி நட்டிருந்தான். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் சுமையை இறக்காமலே போனவள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அந்தக் கல்மேல் இறக்கி இளைப்பாறினால் அவள் சுமை கொஞ்சம் குறையும் என்று சொல்வார்கள். இப்போது யார் தலையில் சுமக்கிறார்கள், எல்லாம் மோட்டார் சைக்கிளில் போகிறது. கல் சும்மா நிற்கும். அம்சம் அதைக் கடக்கும்போதெல்லாம் கைப்பையை ஒரு நிமிஷம் அதன்மேல் வைத்து எடுப்பாள். வைக்காமல் போனால் முதுகுக்குப் பின்னால் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கும்.

கிராம சுகாதார நர்ஸ் பிரகதாம்பாளுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கம்ப்யூட்டரை ஒற்றை விரலால், சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டுத் தொட்டுத் தட்டினார்.

"புருஷன் பேரு?"

"தங்கையன்."

"கதவு நம்பரு?"

"நாலு பை நாப்பத்தேழுங்க."

கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் ஏதோ சொன்னது. நர்சம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, தங்கையன் சம்சாரம் ஏற்கனவே மாசமா இருக்கே."

"அது நான்தாங்க."

"நீ இல்ல. கண்ணாத்தாளு. நாப்பத்தஞ்சாவது மாசம் நடக்குது."

அம்சம் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். "அவங்க செத்துட்டாங்களேம்மா."

"அது எனக்குத் தெரியாதா? கடைசியா பிரஷர் பாத்தது நான்தானே." நர்சம்மாவின் குரல் தாழ்ந்தது. "எழுத்துல இன்னும் சாவல."

விஷயம் இவ்வளவுதான். ஒரு கர்ப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது எப்படி முடிந்தது என்று சொல்லித்தான் இறக்க முடியும். சுகப்பிரசவம், ஆபரேஷன், கருக்கலைவு என்று மூன்று கட்டம். கண்ணாத்தாள் மூன்றிலும் அடங்கவில்லை. நாலாவதாகத் தாய்மரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ஆனால் அதைத் தொட்டால் ஜில்லாத் தலைநகரிலிருந்து விசாரணைக் குழு வரும். ஒரு தாய்மரணமும் இல்லாத வட்டாரம் என்று ஓடைக்கால்குடி வருஷாவருஷம் வாங்குகிற கேடயம் பக்கத்து வட்டாரத்துக்குப் போய்விடும். ஆகவே பெரியவர்கள் கூடி யோசித்து ஐந்தாவதாக ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 'கர்ப்பம் தொடர்கிறது.'

"ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துல ஒரு சம்சாரந்தான் மாசமா இருக்கலாம். கம்ப்யூட்டர் அப்படித்தான் பழகியிருக்கு," என்றார் நர்சம்மா.

"அப்ப அவங்க எப்பங்க பெத்து முடிப்பாங்க?" என்று கேட்டாள் அம்சம். கேலியாகக் கேட்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரைப் பற்றிக் கேட்பதுபோல நிஜமாகவே கேட்டாள்.

நர்சம்மா மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "நம்பர் இல்லாம பார்வையாளர்னு ஒக்காந்துக்க. பாப்போம்," என்றார்.

வகுப்புக் கூடத்தில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். இருபத்தொன்பதில் பெண்கள் இருந்தார்கள். முன்வரிசை ஓரத்து நாற்காலியில் ஆளில்லை. அம்சம் அதை நோக்கிப் போனாள்.

"அது கண்ணாத்தாளு அக்காவுது," என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி, ரயிலில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருப்பவள் மாதிரி. எல்லோருடைய பைகளும் சோற்றுத் தூக்குகளும் அந்த நாற்காலியில்தான் குவிந்திருந்தன. வாய்க்கால் கரைக் கல்லுக்கு இல்லாத சுமை இதற்கு இருந்தது. அம்சம் தரையில் உட்கார்ந்தாள்.

வருகைப் பதிவு எடுத்தார்கள். கண்ணாத்தாள் என்று கூப்பிட்டதும் இருபத்தொன்பது பேரும் ஒரே குரலில், "வந்துருக்காங்க," என்றார்கள். தொடர்ந்து இரண்டு வாரம் வராதவர்களை நிற்கவைத்து, "கண்ணாத்தாளப் பாத்துக் கத்துக்கங்கடி. ஒரு நாள் லீவு போட்டிருப்பாளா?" என்று நர்சம்மா கண்டித்தார். பழக்கத்தில் அவருக்கே அது மறந்துவிட்டதா, தெரியவில்லை. சொல்லிவிட்டு ஒருதரம் அந்த நாற்காலியைப் பார்த்தார்.

வகுப்பு இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி திட்டத்தின் வரலாறு. அடுத்த அரை மணி பயனாளிகள் உறுதிமொழி. அப்புறம் டீ. கடைசிப் பத்து நிமிஷம் பிரசவம். அதற்கென்று ஒரு ரப்பர் பொம்மை வந்திருந்தது. அதன் வயிற்று மூடி போன ஆட்சியிலேயே தொலைந்துவிட்டதால், பிள்ளை எப்படி வெளியே வருமென்று கையால் காற்றில் காட்டினார்கள்.

சுவரில் ஒவ்வொருத்தியின் எடையும் எழுதியிருந்தது. மாதம் ஒன்றரைக் கிலோ ஏற வேண்டும் என்பது விதி. நாற்பத்தாறு கிலோவில் தொடங்கிய கண்ணாத்தாள் விதி தவறாமல் ஏறி நூற்றுப் பத்தைத் தாண்டியிருந்தாள். அதற்குப் பக்கத்தில், 'சிசு இதயத் துடிப்பு: 140. சீராக உள்ளது' என்று ஒவ்வொரு மாதமும், நாற்பத்து மூன்று முறை எழுதியிருந்தது.

"இது யாருதுங்க?" என்று அம்சம் அந்த எண்ணைத் தொட்டுக் கேட்டாள்.

"அதை ரொப்பலைன்னா அடுத்த பக்கம் போவாதும்மா," என்றார் நர்சம்மா.

அன்றிலிருந்து அம்சத்துக்கு ஒரு தொந்தரவு பிடித்துக்கொண்டது. மத்தியானம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் எங்கோ டிக் டிக் என்று கேட்கும். கடிகாரமா என்று பார்ப்பாள். கடிகாரம் நின்று போய் மாதக்கணக்காகியிருக்கும். அவள் பயந்தாள். செத்தவள் ஒன்றும் செய்துவிடமாட்டாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் தன் பிள்ளையும் இப்படிச் சுவரில் ஒரு எண்ணாக நின்றுபோய்விடுமோ என்று நினைத்தபோது ஊசி விரலில் ஏறியது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை வட்டாரப் புள்ளிவிவர அலுவலர் தியாகேசன் பார்வையிட வந்தார். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கேட்கமாட்டார். எத்தனையாவது காய்ச்சல் என்று கேட்பார். அவருக்குத் துண்டு போர்த்தி மைக் கொடுத்தார்கள்.

"தாய்மார்களே, ஒரு தாய் செத்தா ஒரு குடும்பத்துக்குத்தான் நஷ்டம். அதைப் பதிவு பண்ணினா ஒரு வட்டாரத்துக்கே நஷ்டம். இதை நீங்க புரிஞ்சுக்கணும். ஆறு வருஷமா நம்ம வட்டாரத்துல ஒரு தாய்கூடச் சாகல. இது சும்மா வந்ததில்ல. ராப்பகலா உக்காந்து எழுதி வந்தது. நீங்க பாட்டுக்கு எதையாவது பண்ணி வெச்சு எங்க உழைப்பை வீணாக்கிடாதீங்கன்னு கேட்டுக்கிறேன்."

கைதட்டல் முடிந்ததும் அம்சம் தனக்கும் ஒரு கர்ப்பப் பதிவு நம்பர் கேட்டு எழுதிய மனுவை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார்.

"உன்னை உள்ள விட்டாங்களா?"

"விட்டாங்க."

"டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அப்பறம் என்னம்மா குறை?" என்று ரசீது கொடுக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தங்கையன் களத்தில் நெல்லைக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தான். அம்சம் நேராக அங்கே போனாள். "அவங்க செத்துட்டாங்கன்னு நீங்க ஏன் எழுதிக் குடுக்கல?"

அவன் காலை நிறுத்தவில்லை. நெல் பாத்தி பாத்தியாகப் பிரிந்தது.

"மூணு மா நெலமும் அவ பேர்லதான் இருக்கு," என்றான் கடைசியில்.

அந்த மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், உச்சவரம்புச் சட்டத்தில் பஞ்சநதம் பண்ணையிடமிருந்து உபரி என்று எடுத்தது. எடுத்தது காகிதத்தில். வயலில் கால் வைக்கக் கொடி பிடிக்க வேண்டியிருந்தது, தடியடி வாங்க வேண்டியிருந்தது, கோர்ட் வராந்தாவில் இரண்டு தலைமுறை உட்கார வேண்டியிருந்தது. உழுபவருக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதிய கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு காய்வதற்குள் மறந்துவிட்டார்கள். பிறகு பெண்கள் பேரில்தான் பட்டா என்று ஓர் உத்தரவு வந்தது. கண்ணாத்தாள் பேரில் எழுதினார்கள். பண்ணை இன்னும் அப்பீலில் நிற்கிறது.

"அவ இல்லைன்னு எழுதினா பட்டா தொங்கிரும். வாரிசு சர்டிபிகேட்டுக்கு நான் அலையறதுக்குள்ள பண்ணை ஆளு வயல்ல எறங்கிருவான். எங்கப்பா அந்த வயலுக்காக ஜெயிலுக்குப் போனாரு அம்சம்."

"அதுக்காக அவங்க சாவவே கூடாதா?"

தங்கையன் நின்றான். "ஒருதரம் பொதைச்சேன். மறுபடியும் கையெழுத்துப் போட்டுப் பொதைக்கச் சொல்ற," என்றான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவேண்டியது, இரக்கம்தான் வந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

மறு வாரம் தையல் காசை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் பஸ் ஏறினாள்.

பொன்மடியில் செருப்பைக் கழற்றியதும் ஒருத்தி அதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள். குளிர்ந்த அறை, தரையில் மெத்தை, எங்கிருந்தோ வீணை. பயிற்சியாளர் சாவித்திரி புருஷன் பெயரைக் கேட்கவில்லை, கதவு எண் கேட்கவில்லை, முன்பணம் மட்டும் கேட்டார். கையில் ஓர் அட்டை கொடுத்தார். அதில் 'மிஸஸ் அம்சா' என்று தங்க எழுத்தில் இருந்தது. ஓர் எழுத்து குறைந்தாலும் தன் பெயர்தான் என்று அம்சத்துக்குக் கண் கலங்கியது.

"கண்ணை மூடிக்கங்க. வலின்னு நினைக்காதீங்க. உங்களுக்குள்ள ஒரு தாமரை மெதுவா விரியுதுன்னு நினைச்சுக்கங்க," என்றார் சாவித்திரி. குளத்தில் தாமரை பறிக்க இறங்கிக் காலெல்லாம் அட்டை கடித்து ஏறியவள் அம்சம். அவளுக்கு அது அவ்வளவாக உதவவில்லை. மற்ற பெண்கள் விரிந்தார்கள். வயிற்றுப் பிள்ளையிடம் தினமும் கால் மணி நேரம் இங்கிலீஷில் பேச வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். அம்சம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் சாவித்திரி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசினார். "நம்ம பயிற்சியோட ஒரே லட்சியம் சுகப்பிரசவம்தான். இயற்கையை நாம நம்பணும். அதனால ஆபரேஷனுக்கு எந்த நாள் நல்ல நாள்னு ஜோசியர்கிட்ட இப்பவே கேட்டுச் சொல்லிட்டீங்கன்னா தியேட்டரை ஒதுக்கி வெச்சுடுவோம். கடைசி நேரத்துல இயற்கையா வலி வந்துட்டா எங்களால பொறுப்பேத்துக்க முடியாது."

வரிசையாக எல்லோரும் நட்சத்திரம் சொன்னார்கள். அம்சத்தின் முறை வந்தபோது சாவித்திரி, "உங்க சர்க்கார் நம்பர் சொல்லுங்க," என்றார்.

"அது இல்லீங்களே. சேரும்போது கேக்கலையே."

"வகுப்புக்கு வேண்டாம்மா. பிரசவத்துக்கு வேணும். நம்பர் இல்லாத கேஸைத் தொட்டா எங்களுக்கு சீல் வெச்சுருவாங்க." பிறகு குரலை இனிமையாக்கிக்கொண்டு, "வகுப்புக்கு நீங்க தாராளமா வரலாம். எத்தனை வாரம் வேணாலும்," என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்சம் யோசித்தாள். காசு கொடுக்கும் இடத்தில் அம்சமாக இருக்கலாம், பிள்ளை பெற முடியாது. காசில்லாத இடத்தில் பிள்ளை பெறலாம், அம்சமாக இருக்க முடியாது. எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் தன் ஊர் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆறாவது மாதம் தியாகேசனே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தங்கையனும் கூட வந்திருந்தான். அவள் ஐந்து மனு கொடுத்து ஐந்து ரசீது வாங்கியிருந்தாள்.

"உட்காரும்மா. நானும் மனுஷன்தானே, யோசிச்சேன். கண்ணாத்தாள் நம்பரை நீ எடுத்துக்க. அவ பேர்ல நீ பெத்துடு. அவ கர்ப்பமும் முடிஞ்சுரும், உன் கர்ப்பமும் முடிஞ்சுரும். வகுப்புகூட நீ உக்கார வேண்டாம், நாலு வருஷ வருகை அப்படியே உனக்கு வந்துரும்."

"என் புள்ளைக்கு அம்மா யாருன்னு எழுதுவீங்க?"

"கண்ணாத்தாள்னுதான். அவளுக்கு ஒரு புள்ளை வரவேண்டியது நிக்குது பாரு. நேராயிரும்."

அம்சம் தங்கையனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அந்த அறையில் மறுபடியும் டிக் டிக் என்று கேட்டது. செத்தவள் வாசலில் நின்று, கையை நீட்டி, எப்போது கொடுப்பாய் என்று பொறுமையாகக் கேட்பது போலிருந்தது. நாற்பத்தெட்டு மாதம் காத்திருந்தவளுக்குப் பொறுமைக்கு என்ன குறைச்சல். அம்சம் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையை எங்கே பெறுவது?

சொல்லாததையே சம்மதம் என்று தியாகேசன் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் சமுதாயக் கூடத்தில் அரசாங்க வளைகாப்பு. நூறு கர்ப்பிணிகளுக்கு ஒரே பந்தலில் வளையல் அடுக்கி ஐந்து வகைச் சோறு போட்டு அனுப்புகிற விழா. மேடையின் பின்னால் இருந்த பேனரில் தலைவர்களின் முகம் ஆள் உயரத்துக்கும், கர்ப்பிணி ஒருத்தியின் முகம் தாலி அளவுக்கும் இருந்தன. மேடையில் தாசில்தாரும் தியாகேசனும். முழு வருகைக்கான சிறந்த கர்ப்பிணி விருது என்று அறிவித்தார்கள்.

"திருமதி கண்ணாத்தாள் தங்கையன் மேடைக்கு வரவும்."

பந்தலில் ஒரு சலசலப்பு. தங்கையன் அம்சத்தின் காதருகே குனிந்தான். "ஒரு அஞ்சு நிமிஷம். ஏறி எறங்கிரு. பேருதானே."

அம்சம் எழுந்து நடந்தாள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். கண்ணாத்தாள் பேருக்கு வந்த வளையல்களை அவள் கையில் ஏற்றினார்கள். நர்சம்மாதான் ஏற்றினார், அவர் விரல் குளிர்ந்திருந்தது. பிறகு மைக்கை அவள் வாய்க்கு நேராக வைத்து, கண்ணாத்தாள் இரண்டு வார்த்தை நன்றி சொல்லுவார் என்றார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கண்ணாத்தாளு," என்றாள். அதுவரைக்கும் சொல்லிக்கொடுத்தபடிதான். "நாப்பத்தொம்பது மாசமா இருக்கேன். காலு ரொம்ப வீங்கிப் போச்சு."

சிரிக்க வாயெடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"அன்னிக்கு எனக்கு வலிப்பு வந்துச்சு. ஆம்புலன்ஸ் வந்துருச்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்னுருச்சு. பாலம் கட்டி முடிச்சு அப்ப நாலு மாசம், அப்பவும் தெறக்கல. தெறப்பு விழாவுக்குத் தேதி வரலைன்னு சங்கிலி போட்டுருந்தாங்க. சாவி யாருகிட்ட இருக்குன்னு தேடிக்கிட்டே இருந்தாங்க. அவரு என்னைத் தூக்கிக்கிட்டு வாய்க்கால்ல எறங்குனாரு. இடுப்பளவு தண்ணி. நடு வாய்க்கால்ல புள்ள ஒருதரம் பொரண்டுச்சு. அவரு கையிலதான் பொரண்டுச்சு. அப்பறம் பொரளல."

தங்கையன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பாலத்துக் கதை ஊருக்குத் தெரியும். பிள்ளை புரண்டது அவனுக்கும் கண்ணாத்தாளுக்கும் மட்டும் தெரிந்தது. அவன் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அம்சமும் பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். சொல்லிக்கொண்டிருந்தபோது தன் நாக்கு தனக்குக் கனமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

"நடந்ததை எழுதுங்க. எழுதாம என்னால எறங்க முடியல," என்று அந்தக் குரல் முடித்தது.

"கண்ணாத்தா வந்துட்டா," என்று பந்தலில் யாரோ சொன்னார்கள். விபூதி வந்தது. தாசில்தார் செருப்பைக் கழற்றினார். உயிரோடிருந்தவளின் ஐந்து மனுவுக்கு ரசீது கொடுத்த தியாகேசன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார்.

"தாயே, கோவப்படாதீங்க. எந்தக் கட்டத்துல போடணும்னு உத்தரவு கொடுங்க."

"செத்தவ கட்டத்துல."

அலுவலகத்திலிருந்து மடிக்கணினியை ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். தியாகேசன் தேதிக் கட்டத்துக்கு வந்து நிமிர்ந்தார். "தாயே, ஒண்ணே ஒண்ணு. பழைய தேதியைக் கம்ப்யூட்டர் வாங்காது. இன்னிக்குன்னுதான் போட முடியும்."

கண்ணாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையசைத்தாள். பேயானாலும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட முடியாது. அவ்வாறாக அவள் அன்று பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, விருது வாங்கிய கையோடு, அரசாங்க மேடையில் இறந்தாள்.

"நெலம் அவருக்கு," என்றது குரல். வாரிசுச் சான்றிதழை நாளைக்கே தருவதாகத் தாசில்தார் மைக்கிலேயே ஒப்புக்கொண்டார். கேட்டவர்கள் நூறு பேர்.

தியாகேசன் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "இறந்தவர் எண்ணிக்கை, ஒன்று."

"ரெண்டு," என்றான் தங்கையன். எப்போது மேடையேறினான் என்று யாரும் கவனிக்கவில்லை.

தியாகேசன் பழக்கதோஷத்தில் அலுத்துக்கொண்டார். "ரெண்டாவதுக்குப் பேரு வேணுமேப்பா. பேரில்லாம ஏறாது."

"இளையபெருமாள்," என்றான் தங்கையன், ஒரு கணம்கூடத் தயங்காமல்.

அம்சத்துக்கு அந்தச் சொல்லில்தான் தன் காது தன் காதாகத் திரும்பி வந்தது. பிறக்காத பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. அதை இத்தனை வருஷம் இவன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி வயலுக்குப் போய்வந்திருக்கிறான். அவள் மேடையிலேயே அழுதாள். தங்கையன் அவள் பக்கத்தில் நின்று, வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டு, செத்த வீட்டில் அழுவதைப்போலச் சத்தமாக அழுதான். சோறு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்து போகவில்லை.

வெகுநேரம் கழித்து நர்சம்மா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிவப்பு எழுத்து வரவில்லை. புதிய பக்கம் திறந்தது.

"பேரு?"

"அம்சம்."

"எந்த வகுப்பு, விலையில்லாவா, கட்டணமா?"

"உங்ககிட்டயே வரேங்க. மிச்சம் இருக்க வாரத்துக்கு புள்ள எப்படிப் பொறக்கும்னு மட்டும் சொல்லிக் கொடுங்க."

நர்சம்மா தலையசைத்து அடுத்த வரிக்கு வந்தார். "மொதல் குழந்தையா?"

அம்சம் தங்கையனைப் பார்த்தாள்.

"எனக்கு மொதலு. இவருக்கு ரெண்டாவது," என்றாள்.

நர்சம்மா அதற்கான கட்டத்தை மேலும் கீழும் தேடினார். இல்லை. பையிலிருந்து பழைய காகிதப் பதிவேட்டை எடுத்து, அம்சத்தின் பெயருக்கு எதிரே ஓரத்தில், பேனாவால் எழுதிக்கொண்டார்.